“முழுத் திருப்தி” என்றால் மூன்றாம் தரம்

யேர்மன் பணிச் சான்றிதழ் ஆங்கிலத்திற்குப் போகும்போது

மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் சொல்லுக்கு என்ன விலை என்பதை அகதியாக இக்கண்டத்திற்கு வந்த எம்மவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அகதி விசாரணை அறையில் நாம் சொன்னது ஒன்று, தாளில் ஏறியது இன்னொன்று என்ற நிலையினால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் எத்தனை பேர்! வதிவிட அனுமதி கிடைத்து, வேலை கிடைத்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்ட பின்னர் அந்தக் கவலை ஓய்ந்துவிட்டதென்றே பலரும் எண்ணுகின்றனர். அது ஓயவில்லை. இப்போது வேறொரு தாள் மொழிவிட்டு மொழி போய்க்கொண்டிருக்கிறது. யேர்மனியில் வேலைசெய்தவர்க்கு முதலாளி எழுதிக் கொடுக்கும் பணிச் சான்றிதழே அது. யேர்மன்மொழியில் இதனை ஆர்பைற்ஸ்சொய்க்னிஸ் என்பர்.

யேர்மன் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையற்ற நடமாட்ட உரிமையைக் கொண்டு பிரித்தானியாவிற்குக் குடிபெயர்ந்தன. அவ்வழி 2020 டிசம்பர் 31 உடன் அடைபட்டது. இன்று செல்வோர் வேலை விசாவிலேயே செல்லவேண்டியுள்ளது. கனடாவிற்கும் அவுஸ்திரேலியாவிற்கும் விண்ணப்பிப்போரும் உளர். இவர்கள் அனைவரும் தமது உழைப்பின் சாட்சியமாகக் கையில் கொண்டுசெல்வது இச்சான்றிதழின் ஆங்கில வடிவத்தையே. அது சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்க்கப்படுமாயின், நல்ல தொழிலாளி நடுத்தரமானவராகத் தோன்றவும், குறைகூறப்பட்டவர் புகழப்பட்டவராகத் தோன்றவும் கூடும். இஃது எவ்வாறு நேர்கிறது என்பதையும், எம்மவர் செய்யக்கூடியது யாது என்பதையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

குழூஉக்குறியும் மங்கலமும்

தமிழ் இலக்கணம் படித்தோர்க்கு இவ்விடயம் புதிதன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துள்ளார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கிக்கொள்ளும் சொல் அது. செத்தாரை ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது மங்கலம். வெறுக்கத்தக்கதை நல்ல சொல்லால் மறைத்தல் அதன் இயல்பு.

யேர்மன் பணிச் சான்றிதழின் மொழி இவ்விரண்டும் கலந்த ஒன்று. குறையைக் கூறுவதற்கும் இனிய சொல்லையே அது பயன்படுத்துகிறது. ஆதலால் அது மங்கலம். அவ்வினிய சொல்லின் உண்மைப் பொருளை வேலைக்கு ஆள் எடுப்போர் மட்டுமே அறிவர். ஆதலால் அது குழூஉக்குறி. சான்றிதழைப் பெற்றவர் மனம் மகிழ்வார். அதனைப் படிக்கும் அடுத்த முதலாளி உதட்டைப் பிதுக்குவார்.

சட்டம் இட்ட இரட்டை வேலி

இவ்வழக்கம் வெறும் கபடத்தினால் மட்டும் பிறந்ததன்று. 1900 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த யேர்மன் குடியியற் சட்டம் தொழிலாளிக்குச் சான்றிதழ் பெறும் உரிமையை வழங்கியது. இன்று அவ்வுரிமை கைத்தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109 ஆம் பிரிவில் அமைந்துள்ளது. செய்த வேலையையும் காலத்தையும் மட்டும் குறிப்பது எளிய சான்றிதழ். தொழிலாளி கேட்குமிடத்து, அவரது திறமையையும் நடத்தையையும் மதிப்பிடும் விரிவான சான்றிதழை முதலாளி கொடுத்தேயாக வேண்டும். இவ்வுரிமை குடியுரிமை பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று. பகுதிநேரமாக வேலைசெய்பவருக்கும், அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் அனுமதி பெற்று வேலைசெய்பவருக்கும் உண்டு. சுவிற்சர்லாந்திலும் இத்தகைய உரிமை கடப்பாட்டுச் சட்டத்தின் 330அ பிரிவில் உள்ளது. அங்கு வேலையில் இருக்கும்போதே எவ்வேளையிலும் சான்றிதழைக் கேட்கலாம்.

சான்றிதழ் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. அதேவேளை அது தொழிலாளியின் எதிர்கால முன்னேற்றத்தை நியாயமின்றித் தடுக்காத வண்ணம் நல்லெண்ணத்துடன் எழுதப்படல் வேண்டும் என யேர்மன் உச்ச நீதிமன்றம் 1963 இல் வலியுறுத்தியது. உண்மையும் சொல்லவேண்டும், புண்படுத்தவும் கூடாது என்ற இந்த இரண்டு வேலிகளுக்கும் இடையே நடந்த முதலாளிமார், புகழ்ச்சியையே பல படிகளாக்கிக்கொண்டனர். மேற்படி 109 ஆம் பிரிவு, சொல்லில் வெளிப்படையாகத் தெரிவதைவிட வேறொரு பொருளை உணர்த்தும் குறிப்புகளோ சொற்றொடர்களோ சான்றிதழில் இடம்பெறக் கூடாது எனத் தடுக்கிறது. எனினும் படிமுறை எல்லோர்க்கும் தெரிந்த வழக்காகிவிட்டமையால் நீதிமன்றங்களே அதனை அளவுகோலாகக் கொள்கின்றன.

திருப்தியின் ஆறு படிகள்

யேர்மன் பாடசாலைகளில் 1 என்பது மிகச் சிறந்த புள்ளி. 6 என்பது மிக மோசமானது. சான்றிதழின் தொடர்களும் அவ்வாறே அமைகின்றன.

“ஷ்ரேற்ஸ் சு உன்சரர் ஃபொல்ஸ்ரன் சுஃப்ரீடன்ஹைற்”, அதாவது “எப்போதும் எமது மிகமுழுத் திருப்திக்கு வேலைசெய்தார்” என்றால் 1. முழுமைக்கு மேலே ‘மிகமுழுமை’ ஏது என யேர்மன் இலக்கணக்காரர் கேட்பர். அந்த இலக்கண வழுவே இங்கு உயர்ந்த மதிப்பெண்ணாக நிற்கிறது.

“எப்போதும் எமது முழுத் திருப்திக்கு” என்றால் 2. ‘எப்போதும்’ என்பது நீங்கி “எமது முழுத் திருப்திக்கு” என்று மட்டும் இருந்தால் 3. ‘முழு’ என்பதும் நீங்கி “எமது திருப்திக்கு” என்றால் 4. “மொத்தத்தில் எமது திருப்திக்கு” என்றால் 5. “கொடுத்த வேலைகளைச் செய்ய முயன்றார்” என்று எழுதியிருந்தால் அது 6. முயன்றார், ஆனால் முடியவில்லை என்பதே அதன் கருத்து.

2014 நவம்பர் 18 அன்று யேர்மன் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கு கவனிக்கத்தக்கது. பேர்லினில் பல் வைத்தியர் ஒருவரின் சிகிச்சை நிலையத்தில் வரவேற்புப் பணியில் இருந்த பெண்ணுக்கு “முழுத் திருப்திக்கு” எனச் சான்றிதழ் கிடைத்தது. ‘எப்போதும்’ என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும் என அவர் வழக்காடினார். ஆய்வுக்கு எடுக்கப்பட்ட சான்றிதழ்களில் ஏறத்தாழ 90 வீதமானவை முதலிரு படிகளிலேயே இருந்தன என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நடுப்படி 3 தான். அதற்கு மேலே வேண்டுவோர் தமது திறமையைத் தாமே நிரூபிக்க வேண்டும். 3 இற்குக் கீழே எழுதினால் அதற்கான காரணத்தை முதலாளி நிரூபிக்க வேண்டும் என்பதே இன்றுள்ள நிலை. ஒரேயொரு சொல்லுக்காக வழக்கு நாட்டின் உயர் தொழில் நீதிமன்றம் வரை சென்றது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

சொல்லாமல் விடுவதும் ஒரு சொல்

படிகள் மட்டுமன்றி, வரிசையும் மௌனமும்கூடப் பேசுகின்றன. “மேலதிகாரிகள், சகபணியாளர், வாடிக்கையாளர் ஆகியோருடன் அவரது நடத்தை குறைகூற முடியாதது” என்பது நல்ல வரி. மேலதிகாரிகள் விடுபட்டுப்போயின், மேலதிகாரியுடன் பிணக்கு இருந்தது எனப் படிப்பவர் ஊகிப்பார். சமையற்காரர் ஒருவரின் சான்றிதழில் சமையலைப் பற்றி ஒன்றுமில்லாமல் நேரந்தவறாமையை மட்டும் புகழ்ந்திருந்தால், புகழ வேறொன்றும் அகப்படவில்லை என்பது பொருள். “கூடிக்கலந்து பழகும் இயல்பினால் வேலைத்தலத்தின் சூழலைச் சிறப்பித்தார்” என்ற வரி மதுப்பழக்கத்தைக் குறிக்கும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம். “இருதரப்பு இணக்கத்துடன் விலகினார்” என்பது, போகும்படி சொல்லப்பட்டார் என்ற ஐயத்தை எழுப்பும். இறுதியில் நன்றியும் நல்வாழ்த்தும் இல்லாவிடின் அதனையும் கவனிப்பர். ஆயினும் அந்த இறுதி வரியைச் சட்டப்படி உரிமையாகக் கேட்க முடியாதென மேற்படி நீதிமன்றம் 2012 இல் தீர்ப்பளித்துள்ளது.

ஆங்கிலத்தில் இதற்கு இடமில்லை

இனி இத்தாள் ஆங்கிலத்திற்குப் போகும்போது நேர்வதைப் பார்ப்போம். இங்கிலாந்தில், சில நிதித்துறை வேலைகள் போன்ற விலக்குகள் நீங்கலாக, முதலாளி சான்று கொடுக்கவேண்டும் என்ற பொதுவான சட்டக் கடமை இல்லை. அங்கு வழங்கும் ‘றெபரன்ஸ்’ பெரும்பாலும் பழைய முதலாளியிடமிருந்து புதிய முதலாளிக்கு நேரே செல்வது. கொடுக்கும் சான்று கவனத்துடன் எழுதப்படல் வேண்டும், அன்றேல் நட்டஈடு கோரலாம் என 1994 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்று பல நிறுவனங்கள் பதவிப் பெயரையும் வேலைசெய்த காலத்தையும் மட்டுமே எழுதி அனுப்புகின்றன. எனவே புகழ்ச்சிப் படிமுறை எதனையும் அறியாத ஆங்கில வாசகரிடம் யேர்மன் சான்றிதழ் போய்ச் சேர்கிறது.

“முழுத் திருப்தி” என்பதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது நல்ல பாராட்டாகவே ஒலிக்கும். “எப்போதும் மிகமுழுத் திருப்தி” என்பதைப் பெயர்த்தால், சற்றுத் தடுமாறிய ஆங்கிலம் என்றுதான் தோன்றும். 1 இற்கும் 3 இற்கும் இடையிலான தூரம் அங்கு மறைந்துவிடுகிறது. “முயன்றார்” என்ற தொடரோ, ஆங்கிலத்தில் ஊக்கமுள்ள மனிதரின் அடையாளமாகிவிடும். உண்மையில் முதற்படியைப் பெற்றவரே இதனால் இழப்படைகிறார்.

2019 இல் எம்மிடம் ஒரு சகோதரி வந்தார். வயோதிபர் இல்லமொன்றில் ஒன்பது ஆண்டுகள் பராமரிப்பு உதவியாளராக இருந்தவர். இங்கிலாந்திலிருக்கும் மகளிடம் போய், அங்கும் அதே வேலையைத் தேடுவது அவரது எண்ணம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்து, அப்போதுதான் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். “சேர், இதை அப்பிடியே இங்கிலீசில போட்டுத் தாங்கோ” என்றார். நாம் படித்தோம். “எமது திருப்திக்கு” என்றிருந்தது, அதாவது 4. முதியோரையும் சகபணியாளரையும் பற்றிய வரியில் மேலதிகாரிகள் இல்லை.

அப்படியே பெயர்த்திருந்தால் லண்டனில் எவரும் குறை காணமாட்டார்கள். ஆனால் யேர்மன்மொழி தெரிந்த ஒருவர் மூலத்தைக் கையிலெடுக்கும் நாளில் அச்சகோதரி தலைகுனிய நேரும். அதனினும் மேலாக, ஒன்பது ஆண்டு உழைப்புக்கு இதுதான் மதிப்பா என்ற கேள்வி இருந்தது. நாம் பொருளை விளக்கியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எமது உதவியுடன் இல்லத்திற்குக் கடிதம் எழுதினார். எவரையோ மனதிற்கொண்டு முன்னர் எழுதப்பட்ட பழைய மாதிரியொன்றைப் பார்த்துத் தட்டச்சுச் செய்துவிட்டதாகப் பதில் வந்தது. திருத்திய சான்றிதழில் “எப்போதும் எமது முழுத் திருப்திக்கு” என்றிருந்தது. மேலதிகாரிகளும் வரிசையில் முதலாவதாக வந்திருந்தனர். அதன் பின்னரே மொழிபெயர்ப்பு நடந்தது.

ஏமாற்றும் வேறு சில சொற்கள்

சான்றிதழிலும் வேலை நீக்கக் கடிதத்திலும் வரும் வேறு சொற்களும் கவனத்திற்குரியவை. ‘க்யூண்டிகுங்’ என்ற சொல் தொழிலாளி தாமாக விலகுவதையும் குறிக்கும். முதலாளி அவரை நீக்குவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவை இரண்டும் முற்றிலும் வேறான சொற்கள். யார் யாருக்கு அறிவித்தார் என்பதைப் படித்தறியாமல் பெயர்த்தால், தானே விலகியவர் விலக்கப்பட்டவராகிவிடுவார். “நிறுவனத்தின் தேவை காரணமான வேலை நீக்கம்” எனப் பொருள்படும் யேர்மன் தொடர் ஆட்குறைப்பையே சுட்டுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ‘றிடன்டன்சி’ என்ற நிலைபெற்ற சொல் உண்டு. அச்சொல் தொழிலாளியின்மீது பழி சுமத்துவதன்று. அதனை விடுத்து ‘டிஸ்மிசல்’ என எழுதினால் ஐயம் பிறக்கும்.

‘கூர்ட்ஸ் ஆர்பைற்’ என்பதைப் பகுதிநேர வேலை எனப் பெயர்ப்பாரும் உளர். அது தவறு. தொழில் குறைந்த காலத்தில் ஆட்களை நீக்காது வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த நிகரச் சம்பளத்தின் 60 வீதத்தை, பிள்ளையுள்ளவர்க்கு 67 வீதத்தை, அரச காப்புறுதியிலிருந்து ஈடுசெய்யும் ஏற்பாடு அது. 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இந்நிலையில் இருந்தனர். பிரித்தானியாவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டெம்பர் வரை நடைமுறையிலிருந்த ‘ஃபேர்லோ’ திட்டம் இதற்குக் கிட்டிய உறவு எனலாம். ‘ஃப்றைஷ்ரெலுங்’ என்பது சொல்லளவில் விடுவித்தல். நடைமுறையில் சம்பளத்துடன் வேலைக்கு வராதிருக்கச் செய்தல். அதனை ‘விடுவிக்கப்பட்டார்’ என்று மட்டும் எழுதினால் நீக்கப்பட்டார் என்றே ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வர்.

‘மைஸ்ரர்’ என்ற சொல் எமக்கு இரட்டைக் குழப்பம் தருவது. யாழ்ப்பாணத்தில் மாஸ்ரர் என்றால் ஆசிரியர்; ஆங்கிலத்தில் மாஸ்ரர் என்றால் முதுமாணிப் பட்டம். யேர்மனியில் மைஸ்ரர் என்பவரோ, தொழிற்பயிற்சி முடித்து, அனுபவம் பெற்று, மேற்பரீட்சையில் தேறிய தொழில் வல்லுநர். தொழிற் பட்டறை நடத்தவும் பயிலுநரைப் பயிற்றவும் தகுதியுடையவர். யேர்மன் தகைமைச் சட்டகத்தில் அவர் 6 ஆம் நிலையில், இளமாணிப் பட்டதாரிக்கு இணையாக வைக்கப்பட்டுள்ளார். எம் இளைஞர் ஒருவர் பாடுபட்டுப் பெற்ற மைஸ்ரர் பத்திரம், ஆங்கிலத்தில் இல்லாத பட்டமாகவோ வெறும் வேலைத்தல மேற்பார்வையாளர் பதவியாகவோ திரிந்துவிடலாகாது.

மொழிபெயர்ப்பாளரின் கடமை

இங்கு ஓர் அறச்சிக்கல் எழுகிறது. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர், தமது பெயர்ப்பு முழுமையானதும் சரியானதும் எனக் கையொப்பமிடுகிறார். மறைபொருளையும் விளக்கினால், குறைந்த படி பெற்ற எம்மவரைத் தாமே காட்டிக்கொடுப்பதாகுமோ? விளக்காது விட்டால் வாசகரை ஏமாற்றுவதாகுமோ? நம்மவன்தானே என இரங்கி, 4 ஐ 1 ஆக்கி எழுதும் சிலரும் உளர். இது உதவியன்று. மூலமும் பெயர்ப்பும் ஒருங்கே சமர்ப்பிக்கப்படும் இடத்தில் அது பொய்யாவணமாகிவிடும். விசாவையே இழக்க நேரிடலாம்.

எமது கருத்தில் செம்மையான வழி ஒன்றுண்டு. சொற்களை உள்ளவாறே பெயர்த்து, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என அடியிலே தனியாக, இத்தொடர் யேர்மன் மதிப்பீட்டு வழக்கில் இன்ன படியைச் சேர்ந்தது எனச் சுருக்கமாக எழுதலாம். மேற்படி பெற்றவர்க்கு இது பெரும் துணையாகும். கீழ்ப்படி பெற்றவர்க்கோ, பெயர்ப்பைத் தொடங்குமுன்னரே உண்மையை நேரிற் சொல்லுதல் வேண்டும். திருத்தவேண்டியது மொழிபெயர்ப்பையன்று, மூலத்தையே.

வாசகர் செய்யவேண்டியன

சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே யேர்மன் வழக்கறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிழையெனில் எழுத்துமூலம் திருத்தம் கேளுங்கள். காலந்தாழ்த்தினால் உரிமை போய்விடும். கூட்டு ஊதிய ஒப்பந்தங்களிற் சில, சில மாதங்களையே தவணையாகத் தருகின்றன. இணங்காவிடின் தொழில் நீதிமன்றம் உண்டு. அதன் முதற்படியில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். தோற்றாலும் மறுதரப்பு வழக்கறிஞரின் செலவு உங்கள்மீது விழாது. தொழிற்சங்க உறுப்பினர்க்குச் சங்கத்தின் சட்ட உதவியும் கிடைக்கும்.

மேலதிகாரி மாறும்போதோ நிறுவனம் கைமாறும்போதோ ‘ஸ்விஷன் சொய்க்னிஸ்’ எனப்படும் இடைக்காலச் சான்றிதழைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை நேரிற் கண்டவர் இருக்கும்போதே அதனை எழுதுவிப்பது நன்று. கனடாவின் குடிவரவுத் திணைக்களம் திறமையடிப்படை விண்ணப்பங்களில் பதவி, கடமைகள், வாரத்திற்குரிய மணிநேரம், சம்பளம் ஆகியன அடங்கிய கடிதத்தை எதிர்பார்க்கிறது. யேர்மன் சான்றிதழில் சம்பளம் வழக்கமாக இடம்பெறுவதில்லை. ஆகவே அதற்கெனத் தனிக் கடிதமொன்றை வேலையிலிருந்து விலகுமுன்னரே பெற்றுக்கொள்ளல் வேண்டும். 2025 சனவரி முதல், தொழிலாளி இசைந்தால் மின்னணு வடிவிலும் சான்றிதழ் வழங்கலாம் எனச் சட்டம் அனுமதிக்கிறது. எனினும் தாளில் ஒப்பமிட்ட மூலப்பிரதியையும் கேட்டு வாங்குவது எம்மவர்க்குப் பயனுடையது.

பாத்திரம் கழுவி, தளம் துடைத்து, முதியோரைத் தூக்கி இருத்தி, இரவுமுறை வேலைசெய்து உழைத்த ஆண்டுகள் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாதவை. அவற்றுக்கு எஞ்சியுள்ள எழுத்துச் சாட்சி இந்த ஒரு தாளே. அதிலே என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்னொரு மொழியில் பிறர் அறியுமுன்னர், உழைத்தவர் தாமே முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.